மோனிஷாவின் வலது கை

ஜனவரி 9, செவ்வாய்

பொங்கலுக்கு டிக்கெட் இல்லை என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வறண்டுவிட்டது. முன்பதிவுக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவள்தான் ரயிலையே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று ஜனங்களுக்கு நினைப்பு. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது சிநேகிதி கோமதி போன் செய்தாள்.

“யூட்யூப்ல உன்னப் போட்டுகிறாங்கடி. பாத்தியா இல்லியா?”

பார்த்தேன். கிஷோர் என்று ஒருவன், வடசென்னைக் குத்துச்சண்டை பற்றி வீடியோ போடுகிறவன். ‘அன்றைய சாம்பியன் இன்றைய வீராங்கனைகளை ஜெயிப்பாரா?’ என்று தலைப்பு. அன்றைய சாம்பியன் நான். 2002-இல் தேசியப் போட்டியில் நாற்பத்தைந்து கிலோ பிரிவில் தங்கம் வாங்கியபோது எடுத்த போட்டோ. கழுத்தில் பதக்கம், உதட்டில் ரத்தம், சிரிப்பு. அந்த எடைப் பிரிவே இப்போது கிடையாது. எனக்கு எதிரே இன்றைய பெண்களைப் பிரிவுக்கு ஒருத்தியாக நிறுத்தியிருந்தான். நாற்பத்தெட்டு கிலோவில் வியாசர்பாடி மோனிஷா, ஐம்பத்து நான்கில் ஒருத்தி, அறுபதில் ஒருத்தி. எடையைக் கழித்துவிட்டுத் திறமையை மட்டும் ஒப்பிடுகிறானாம். எடையை எப்படிக் கழிப்பான்? நகையா அது, கழற்றி வைக்க?

என் வேகத்துக்குப் பத்தில் எட்டு. குத்தின் பலத்துக்கு ஐந்து. ‘எதிராளிகளின் தரம்’ என்று ஒன்று வைத்து அதற்கு மூன்று. அந்த வருடம் அந்தப் பிரிவில் மொத்தமே ஐந்து பெண்கள்தான் வந்தார்களாம், அதனால் அந்தத் தங்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாதாம். மோனிஷாவின் வலது கைக்கு ஒன்பதரை. அவளிடம் நான் முதல் ரவுண்டைத் தாண்டமாட்டேன் என்று முடித்துவிட்டான்.

ஐந்து பேர் இல்லை. ஆறு பேர்.

எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. இரண்டு தடவை பார்த்தேன்.

ஜனவரி 10, புதன்

மறுபடியும் பார்த்தேன். கீழே ஒருவன் ‘யார் இந்த ஆன்ட்டி?’ என்று கேட்டிருக்கிறான்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. தெரு முழுக்கப் புகை. இடது கண்ணில் கறுப்பாகக் கொசு மாதிரி ஏதோ மிதக்கிறது. டயரைக் கொளுத்தாதே என்றால் கேட்கிறார்களா?

ஜனவரி 16, செவ்வாய்

கிஷோர் வீட்டுக்கே வந்துவிட்டான். மரியாதையான பையன்தான், செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தான். மகளிர் தினத்தை ஒட்டி மார்ச் பத்தாம் தேதி ராயபுரத்தில் நிகழ்ச்சி. அதில் எனக்கும் மோனிஷாவுக்கும் மூன்று ரவுண்டு காட்சிப் போட்டி வைக்கலாம் என்று அவனுக்கு ஆசை.

“சும்மா ஃப்ரெண்ட்லிதான் மேடம். பாயின்ட் கெடையாது. ஜனங்க கமென்ட்ல கேக்குறாங்க.”

“அவளுக்கு நாப்பத்தி மூணு வயசாவுது தம்பி,” என்றார் இவர். என் கணவர் அமலதாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் தூரத்தில் இருந்து பார்க்கிற பழக்கம்.

“அஞ்சு பேர்தான் வந்தாங்கன்னு யார் சொன்னது?” என்று கேட்டேன்.

“நெட்ல இருந்துச்சு மேடம்.”

“ஆறு. மணிப்பூர்லயிருந்து ரெண்டு பேரு.”

எழுதிக்கொண்டான். சண்டை எல்லாம் வேண்டாம், விருந்தினராக வந்து மாலை போடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 17, புதன்

எடை அறுபத்திரண்டு. சர்க்கரை எல்லையில் இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் எப்போதோ சொன்னார். நாளையிலிருந்து நடக்கலாம் என்றிருக்கிறேன்.

ஜனவரி 21, ஞாயிறு

கடற்கரைச் சாலையில் நடந்தேன். காசிமேட்டு மீன் வாசனை வந்தால் வேகம் தானாகவே கூடிவிடுகிறது. திரும்பும்போது ஓடினேன். மழை வருகிற மாதிரி இருந்தது.

துணி உலர்த்த நைலான் கயிறு வாங்கினேன். பழைய கயிறு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் இவர். இருக்கட்டும், இதன் நீளம் ஸ்கிப்பிங்குக்கும் சரியாக இருக்கிறது.

ஜனவரி 28, ஞாயிறு

கோமதி மாநகராட்சிப் பள்ளியில் பி.டி. டீச்சர். விளையாட்டு ஷெட்டின் சாவி அவளிடம்தான் இருக்கும். சும்மா பார்க்கலாம் என்று போனேன். உள்ளே ஒரு மணல் மூட்டை தொங்குகிறது. இரண்டு குத்து விட்டேன். மணிக்கட்டு வலித்தது.

“எதுக்கு வந்தன்னு தெரியும்டி,” என்றாள் கோமதி. “கைக்குத் துணி சுத்தாம குத்துறியே, அறிவிருக்கா?”

சுற்றிவிட்டாள்.

ஒரே காலத்தில் நான் நாற்பத்தைந்து கிலோவில் சாம்பியன், இவள் நாற்பத்தெட்டில். இருபது வருடமாக எங்கள் பேட்டையில் ஒரு கேள்வி உண்டு: இரண்டு பேரும் மோதியிருந்தால்? மூன்று கிலோ வித்தியாசம், அதனால் மோதியதே இல்லை. வெளியாளுக்கு மூன்று கிலோ என்பது தக்காளிக் கணக்கு. அதே வேகத்தில் வருகிற அதே கைக்குப் பின்னால் மூன்று கிலோ கூட இருந்தால், தாங்குகிற கழுத்துக்குத்தான் தெரியும். கோமதி ஜெயித்திருப்பாள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கோமதி அப்படிச் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை.

ஜனவரி 30, செவ்வாய்

கிஷோருக்கு போன் செய்து சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு நிபந்தனை: எடை போட்டு, மேடையிலேயே சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து கிலோ குறைந்த பெண்ணை மிரட்டினேன் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது.

இவரிடம் சொன்னேன். “பையனுக்குச் சொல்லிட்டியா?” என்று மட்டும் கேட்டார். மகன் கோவையில் படிக்கிறான். அவன்தான் அந்த வீடியோவுக்கு முதல் ஆளாக லைக் போட்டிருக்கிறான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஐம்பத்தெட்டரை. காபி டம்ளரை யாரோ இடது பக்கம் ஓரமாக வைத்திருக்கிறார்கள், கை பட்டுக் கொட்டிவிட்டது. துடைத்தேன்.

பிப்ரவரி 8, வியாழன்

மறுபடியும் டம்ளர். இவருக்குப் பொருளை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

கோமதி கையில் குத்து வாங்குகிற மெத்தைப் பேட் மாட்டிக்கொண்டு நிற்க, நான் குத்தினேன். நடுநடுவே அவள் பேடால் வீசுவாள், நான் குனிய வேண்டும். வலது பக்கம் வந்ததெல்லாம் குனிந்துவிட்டேன். இடது காதில் மூன்று தடவை வாங்கினேன். இந்த வயதிலும் அவள் வேகம் குறையவே இல்லை, பாராட்டத்தான் வேண்டும்.

“நான் மெதுவாத்தான்டி போட்டேன்,” என்றாள்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். தவக்காலம் ஆரம்பம். இந்த நாற்பது நாளும் இறைச்சியும் இனிப்பும் கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். போன வருடம் வெள்ளிக்கிழமை மட்டும்தானே என்றார் இவர். பக்தி கூடக் கூடாதா?

பிப்ரவரி 20, செவ்வாய்

பக்கவாட்டில் சில சமயம் மின்னல் வெட்டுகிற மாதிரி இருக்கிறது. கவுன்ட்டரில் டியூப்லைட் சரியில்லை. புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு லைட் நன்றாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

பிப்ரவரி 25, ஞாயிறு

விளம்பர வீடியோவுக்காக மோனிஷாவை நேரில் பார்த்தேன். இருபத்திரண்டு வயது. ஒல்லி, நீளக் கை. ரொம்பப் பேசவில்லை. கேமராவுக்காக முறைக்கச் சொன்னார்கள். அவளுக்கு முறைக்க வரவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்தது.

படம் பிடித்து முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, உங்க ஃபைட்டு ஒண்ணாவது பாக்கலாம்னு தேடினேன். எங்கியுமே கெடைக்கலியே?”

“இல்லம்மா. யாரும் எடுக்கல.”

“ஒண்ணுகூடவா?”

ஒன்றுகூட இல்லை. ஃபைனலை ஊர் டிவிக்காரர்கள் எடுக்க வருவதாக இருந்தது. அன்றைக்கு ஏதோ அமைச்சர் வருகை, கேமரா அங்கே போய்விட்டது. கிஷோர் மார்க் போட்டது ஒரு போட்டோவையும் நாலு பேர் வாய்ச்சொல்லையும் வைத்துத்தான். நான் எப்படிச் சண்டை போட்டேன் என்று என் மகனுக்கே தெரியாது.

இதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 28, புதன்

போட்டிக்கு உடல்தகுதிச் சான்று வாங்க வேண்டும். கிளினிக்கில் ரத்த அழுத்தம், இதயம், எல்லாம் சரி. கண்ணுக்குச் சுவரில் மாட்டிய எழுத்துகளை ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் படித்தேன். கண்ணில் வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். எழுத்தெல்லாம் தெரிந்ததே.

மார்ச் 3, ஞாயிறு

ஓடும்போது ஒரு ஆட்டோ இடது பக்கம் உரசிக்கொண்டு போனது. ஹாரன் அடிக்காமல் வருகிறான். முழங்கையில் சிராய்ப்பு.

வீட்டுக்கு வந்ததும் இவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். “நேரா காலண்டரப் பாரு,” என்றார். பார்த்தேன். “இப்ப இன்னா தெரியுது?”

“காலண்டர்.”

“என் கை தெரியுதா?”

“எங்க?”

என் முகத்தின் இடது பக்கம் ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் திரும்பிய பிறகுதான் கை தெரிந்தது.

“நாளைக்குக் கண்ணாஸ்பத்திரி போலாம், ஜெசி.”

“பதினொண்ணாந்தேதி போலாம்.”

“வெளாடுறியா?”

“அமலா, பத்தாந்தேதி வரைக்கும் என்ன விட்டுடுங்க. அதுக்கப்புறம் எங்க கூட்டிட்டுப் போனாலும் வரேன்.”

கல்யாணத்துக்கு முந்தித்தான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அவர் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். நான் புளி கரைத்து ரசம் வைத்தேன்.

மார்ச் 9, சனி

ஐம்பத்து மூன்று. கோமதி நாளைக்கு என் மூலையில் நிற்பாள். இவர் வரமாட்டேன் என்கிறார்.

மார்ச் 10, ஞாயிறு

இவர் வந்தார். முதல் வரிசையில் உட்காராமல் பின்னால் தூண் ஓரம் நின்றார்.

எடை போட்டார்கள். நான் ஐம்பத்து மூன்று, மோனிஷா ஐம்பது. அந்த மூன்று கிலோ வாழ்க்கையில் முதல் தடவையாக என் பக்கம் இருந்தது. கோமதியைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் நினைத்தாள் போலிருக்கிறது, சிரித்தாள்.

முதல் ரவுண்டில் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இடது கையை நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஹெட்கார்டோடு என் இடது காது அதிர்ந்தது. மோனிஷாவின் வலது கை. பட்ட பிறகுதான் அது எந்தக் கை என்றே புரிந்தது. சுதாரிப்பதற்குள் அதே இடத்தில் இன்னொன்று. கூட்டம் ‘ஓ’ என்றது. கால் ஒரு நொடி என்னுடையதாக இல்லை. ரெஃப்ரி என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

அதோடு சரி. அதற்குமேல் அந்தக் கையை நான் வரவே விடவில்லை. இரண்டாவது ரவுண்டில் என் கால்கள் திரும்பி வந்தன. உள்ளே புகுந்து விலாவில் இரண்டு, பின்வாங்கும்போது முகத்தில் ஒன்று, பழைய மாதிரியே விழுந்தது. மோனிஷா இடது கையாலேயே சமாளித்துக்கொண்டிருந்தாள். நல்ல இடது கை, எனக்கும் நிறையப் பட்டது. மூன்றாவது ரவுண்டில் மூச்சு போய்விட்டது. ஆனால் நின்றேன், குத்தினேன், மணி அடித்தபோதும் நின்றுகொண்டிருந்தேன். யாரோ விசில் அடித்தார்கள்.

“அவ ரைட்டையே பூட்டிட்டியேடி!” என்று கோமதி என்னைத் தூக்கிவிட்டாள். “எப்பிடிடி?”

தெரியவில்லை. பழக்கம் என்றேன்.

மோனிஷா கட்டிப்பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை. இடது கண்ணில் பாதி திரை போட்ட மாதிரி இருக்கிறது. வியர்வை இறங்கியிருக்கும்.

மார்ச் 11, திங்கள்

கண் மருத்துவமனை. விழித்திரை மூக்குப் பக்கத்திலிருந்து பிரிந்து வந்துகொண்டிருக்கிறதாம். மூக்குப் பக்கம் பிரிந்தால் வெளிப்பக்கப் பார்வைதான் போகும், நடுப்பார்வை கடைசியில்தான் போகும், அதனால்தான் எழுத்தெல்லாம் படிக்க முடிந்திருக்கிறது. ஒரு மாதத்துக்கும் மேலே இருந்திருக்கும் என்றார் டாக்டர். “நேத்து குத்துச்சண்டை போட்டீங்களா?” என்று இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அந்தப் பக்கம் இன்னும் நாலு அடி பலமாக விழுந்திருந்தால் மொத்தமும் கழன்று வந்திருக்கும், ஏதோ தப்பித்தீர்கள் என்றார்.

நாளை மறுநாள் ஆபரேஷன். இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆட்டோவில் என் இடது பக்கம் உட்கார்ந்து வந்தார்.

ஏப்ரல் 3, புதன்

இத்தனை நாளும் எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. முதல் வாரம் முழுக்கக் குப்புறப் படுத்தே கிடந்தேன். சாப்பாடுகூடத் தரையைப் பார்த்துக்கொண்டுதான். இவர் லீவு போட்டுச் சமைத்தார். ஈஸ்டர் போய்விட்டது. நடுப்பார்வை தப்பித்துவிட்டது, ஓரப் பார்வை கொஞ்சம் திரும்பலாம், முழுசாகத் திரும்பாது என்றிருக்கிறார்கள். இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கிஷோர் அன்றைய சண்டையை முழுசாகப் போட்டிருக்கிறான். லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். மகன் அதை அவன் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். ‘அம்மா, செம’ என்று எழுதியிருந்தான்.

கடைசியில் கிஷோர் மறுபடியும் மார்க் போட்டிருக்கிறான். என் தற்காப்புக்கு ஒன்பது. ‘எதிராளிகளின் தரம்’ மூன்றிலிருந்து ஏழு. மோனிஷாவின் வலது கை ஒன்பதரையிலிருந்து ஆறு. ‘இரண்டு அடிக்குமேல் நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணியைத் தொட முடியாத கை’ என்று சொல்கிறான். அன்றைய சாம்பியன்கள் வேற லெவல், இன்றைய பெண்கள் இன்ஸ்டாகிராம் வீராங்கனைகள் என்று கீழே எழுதிக் குவித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் தேசிய முகாமுக்குத் தேர்வு இருக்கிறது, இவளை எதற்கு அனுப்புகிறீர்கள் என்றுகூட ஒருவன்.

நான் சண்டை போடுவதை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் போட்டிருக்கிறேன்.

மறுபடியும் முதல் ரவுண்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது அடி விழுந்த பிறகு, மோனிஷா வலது கையை மெதுவாக என் முகத்தின் இடது பக்கம் நீட்டுகிறாள். குத்தவில்லை. ஓரமாக, தூரமாக, ஒரு நொடி அப்படியே வைத்துக்கொண்டு என் கண்ணைப் பார்க்கிறாள். நான் அசையவே இல்லை. கையை மடக்கித் தன் தாடைக்குக் கொண்டுபோகிறாள்.

அதற்கப்புறம் மூன்றாவது ரவுண்டு மணி அடிக்கும் வரை அந்தக் கை அங்கேயேதான் இருக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

இவரிடம் அந்த இடத்தைக் காட்டினேன். “எனக்கு அன்னிக்கே தெரியும்,” என்றார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

மோனிஷா ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். கோமதி சொல்லித்தான் ஆபரேஷன் விஷயம் தெரியுமாம். இவர் காபி போட உள்ளே போனதும் கேட்டேன்.

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

தெரியாத மாதிரி நடிக்கவில்லை. “ரெண்டாவது வாட்டி பட்டப்பதான்க்கா. மொத வாட்டி நீங்க லேட்டுன்னு நெனச்சேன். ரெண்டாவது வாட்டி உங்க கண்ணு சிமிட்டவே இல்ல. வர்ற அடிக்குக் கண்ணு தானா மூடிக்கும். மூடலன்னா அது வர்றதே தெரியலன்னு அர்த்தம்.”

“ரெஃப்ரிகிட்ட சொல்லலாமில்ல?”

“சொல்லியிருக்கணும்க்கா. வீட்டுக்குப் போனதும் பயந்துட்டேன். ஆனா அப்ப... நிறுத்திடுவாரு. நீங்க அவ்ளோ தூரம் தயாராயி வந்துகிறீங்க.” கொஞ்சம் பொறுத்து, “லெஃப்ட்டுல நான் விட்டுக்குடுக்கலக்கா. சும்மா ஆடல. அது மட்டும் நெனச்சுக்காதீங்க,” என்றாள்.

“உன்ன இந்த மாதிரி எழுதறாங்களே, நீ ஏன் வாயே தொறக்கல?”

“இன்னான்னு சொல்றது? அவங்களுக்குக் கண்ணு தெரியலன்னு நான் சொன்னா அசிங்கமா இருக்காதா?”

இவர் காபியோடு வந்தார். அவள் சர்க்கரை வேண்டாம் என்றாள். தேர்வுக்கு முன் எடை கூடக் கூடாதாம். அவள் கிளம்பிப் போன பிறகு ஆரஞ்சு உரித்தேன். நல்ல இனிப்பு.

ஏப்ரல் 15, திங்கள்

கிஷோரை வரச் சொன்னேன். கேமராவோடு வந்தான். கோமதியும் வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஜனவரியிலிருந்தே கண் சரியில்லை, கிளினிக்கில் கேட்டபோது தொந்தரவு இல்லை என்று சொன்னது என் தப்பு, அன்றைக்கு நான் எந்தக் கையையும் பூட்டவில்லை. வீடியோவில் அந்த இடத்தை நிறுத்திக் காட்டினேன். கிஷோர் முகம் மாறிவிட்டது. என் ஒன்பதை எடுத்துவிட்டு அவள் மார்க்கைத் திருப்பிக் கொடு என்றேன்.

“அப்ப ரெண்டு பேருல யாருன்னு சொல்லட்டும் மேடம்?”

“அவதான். எந்த எடைல வெச்சுப் பாத்தாலும் அவதான்.”

கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிஷோர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணே ஒண்ணு மேடம்,” என்றான். “உங்க காலத்துல, ஒரு கண்ணு சரியா தெரியாத எதிராளி உங்க முன்னாடி வந்திருந்தா?”

“நானும் கண்டுபிடிச்சிருப்பேன். ரெண்டாவது அடியிலயே.”

“கண்டுபிடிச்சிட்டு?”

“அந்தக் கையத்தான் போட்டுகினே இருந்திருப்பேன். அவ விழற வரைக்கும்.”

கிஷோர் கேமராவை இறக்கிவிட்டு, “இத மட்டும் கட் பண்ணிடட்டுமா மேடம்?” என்று கேட்டான்.

வேண்டாம், அப்படியே போடு என்றேன்.